இரண்டு இடாப்புகள்

(பழைய மாணவியர் சங்கத்தின் நூற்றாண்டுப் பொதுக்கூட்டத்தில், 1986ஆம் ஆண்டு சாதாரண தர வகுப்பினர் சார்பில் நால்வர் சேர்ந்து எழுதி வாசித்த உரை)



மலர்க்குழு எங்களுக்குத் தந்த தலைப்பு ‘கல்வி: அன்றும் இன்றும்’. நாங்கள் நால்வரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹட்டனில் கூடி உட்கார்ந்து, அந்தத் தலைப்பில் என்ன சொல்லலாம் என்று யோசித்தோம். அன்று மண்ணெண்ணெய் விளக்கு, இன்று கைபேசி. அன்று ஆசிரியரைக் கண்டால் ஒதுங்கி நிற்போம், இன்று பிள்ளைகள் ஒதுங்குவதில்லை. இதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. இதை நீங்கள் பரிசளிப்பு விழாக்களில் பலமுறை கேட்டுக் கொட்டாவி விட்டிருப்பீர்கள். ஆகவே தலைவியிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, கொஞ்சம் சுற்றுவழியில் போகிறோம்.

2020இல் கொரோனாவால் பாடசாலைகள் மூடியிருந்தபோது எங்கள் வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் பேச்சுக்குப் பேச்சு சமையல் குறிப்பும் கஷாயக் குறிப்புமாகவே இருந்தது. எங்களில் ஒருவர் ஆங்கில ஆசிரியை. அவருக்கு அது பொறுக்கவில்லை. ‘நான் ஒரு கதை சொல்கிறேன், கேளுங்கள்’ என்று இரவில் ஒலிப்பதிவு அனுப்பத் தொடங்கினார். அவர் தேர்ந்தெடுத்தவை எல்லாம் ஒரே இனத்துக் கதைகள். ஆங்கிலத்தில் டிஸ்டோபியா என்கிறார்கள். எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று ஆள்பவர்கள் சொல்லிக்கொண்டிருக்க, உள்ளே மனிதர் நசுங்கிப்போகும் ஒரு நாட்டைக் கற்பனை செய்து எழுதுவது. ஒருவர் தாதி, ஒருவர் தபால் கந்தோரில், ஒருவர் வீட்டில் பேரப்பிள்ளையோடு. வேலை முடிந்து அடுப்படியில் போனை வைத்துவிட்டு நாங்கள் கேட்டோம். அந்தக் கதைகள் ஒவ்வொன்றிலும் ஒரு பாடசாலை வந்தது. ஒவ்வொரு முறையும் எங்களுக்கு நாங்கள் படித்த பாடசாலைகள் ஞாபகம் வந்தன. அதைத்தான் இன்று உங்களோடு பேச வந்தோம்.

முதலில் வந்தது அல்டஸ் ஹக்ஸ்லி 1932இல் எழுதிய ‘பிரேவ் நியூ வேர்ல்ட்’. அந்த நாட்டில் பிள்ளைகள் தாய் வயிற்றில் பிறப்பதில்லை, போத்தலில் வளர்கிறார்கள். பிறக்கும் முன்பே ஐந்து தரமாகப் பிரித்துவிடுகிறார்கள். மேலே இருப்பவர் ஆல்ஃபா, அடியில் இருப்பவர் எப்சிலன். கைவேலைக்கென்று உண்டாக்கப்பட்ட டெல்டாக் குழந்தைகளுக்கு எட்டு மாதத்தில் ஒரு பாடம் நடக்கிறது. காக்கி உடுப்பு போட்ட அந்தக் குழந்தைகள் முன்னால் ரோஜாப் பூக்களையும் படப் புத்தகங்களையும் பரப்பி வைக்கிறார்கள். குழந்தைகள் சிரித்துக்கொண்டு தவழ்ந்து போய்த் தொடுகின்றன. உடனே சங்கு அலறுகிறது, மணி அதிர்கிறது, தரையில் மின்சாரம் பாய்கிறது. இப்படி இருநூறு தடவை. அதற்குப் பிறகு ஆயுள் முழுக்க அந்தப் பிள்ளை புத்தகத்தைக் கண்டால் நடுங்கும். டெல்டாக்காரர் வாசித்து நேரத்தை வீணாக்கக் கூடாது, வாசித்தால் பழக்கியது கலைந்துபோகும், அதற்காகத்தான் இவ்வளவும்.

எங்கள் தாதி அந்த இடத்தில் பதிவை நிறுத்திவிட்டு, குழுவில் ஒரே வரி எழுதினார்: “கரண்ட் எதுக்கு? எங்க லயத்துல கரண்டே இல்லாம இதச் செஞ்சாங்களே.”

சிரித்தோம். பிறகு சிரிக்க முடியவில்லை. மடக்கும்புரத் தோட்டத்தில் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை 1970இல் வெளிவந்த தம்முடைய ஆங்கில நூலுக்கு வைத்த பெயருக்கு ‘உழைக்கப் பிறந்தவர்கள்’ என்று பொருள். ஹக்ஸ்லி கற்பனையில் கண்டதை அவர் லயத்தின் வாசலில் நின்று கண்டிருக்கிறார்.

இன்றைய மாணவியருக்காகக் கொஞ்சம் பழைய கணக்கைச் சொல்ல வேண்டும். தோட்டத்துப் பிள்ளைகளின் படிப்புக்குத் தோட்டத்துரை பொறுப்பு என்று முதலில் எழுதிய சட்டம் 1907ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைகள் சட்டம். வயது எல்லை 6 முதல் 10 வரை. பத்து வயதோடு ஒரு மனிதப் பிறவிக்குத் தேவையான அறிவு முடிந்துவிடுகிறது என்று யாரோ மேசையில் உட்கார்ந்து தீர்மானித்திருக்கிறார். எழுதப் படிக்கத் தெரிந்துவிட்டால் கொழுந்து எடுக்க ஆள் கிடைக்காது என்ற பயம் துரைமாருக்கு இருந்தது. அதை அவர்கள் பெரிதாக மறைக்கவும் இல்லை. வாசிப்பு, எழுத்து, கூட்டல், கழித்தல். அவ்வளவுதான். பாடசாலை என்பது பல தோட்டங்களில் பிள்ளை மடுவத்தின் ஒரு மூலை, அல்லது ஆள் குடியிராத காம்பரா. சில இடங்களில் கணக்கப்பிள்ளையே வாத்தியார்.

1945இல் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் நாட்டுக்கு இலவசக் கல்வி வந்தது. நாங்கள் இன்று இந்த மேடையில் நிற்பதற்கு அந்த மனிதருக்கும் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் அது வந்தபோது தோட்டப் பாடசாலைகள் வெளியே விடப்பட்டன. 1947இல் அவற்றை அரசாங்கம் ஏற்க வழிசெய்து ஒரு சட்டத் திருத்தம் வந்தது. அது கடதாசியிலேயே கிடக்க, அடுத்த வருடம் நம் ஆட்களின் குடியுரிமையே போய்விட்டது. 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களில் தோட்டங்கள் அரசுடைமையான பிறகுதான் பாடசாலைகளும் ஒவ்வொன்றாக அரசின் கைக்கு வரத் தொடங்கின. நாட்டின் மற்றப் பிள்ளைகளுக்கும் நமக்கும் இடையில் முப்பது வருட இடைவெளி. நம் அம்மாமாரின் முழுத் தலைமுறையும் அந்த இடைவெளிக்குள் விழுந்தது. இந்த மண்டபத்தில் இருக்கும் எத்தனை பேருடைய அம்மாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும்? கையைத் தூக்கச் சொல்லவில்லை. மனதுக்குள் எண்ணிக்கொள்ளுங்கள்.

நாங்கள் ஆண்டு ஒன்றுக்குப் போனது 1976இல். எங்கள் பாடசாலை ஒரே மண்டபம். ஐந்து வகுப்பு, ஒரு வாத்தியார், இரண்டு கரும்பலகை. ஆண்டு மூன்று வாய்ப்பாடு சொல்லும்போது ஆண்டு ஒன்றும் சேர்ந்து சொல்லும். அதனால் நாங்கள் எல்லோரும் வயதுக்கு மீறிய கணக்குக் கெட்டிக்காரர்களாக இருந்தோம். தகரக் கூரையில் மழை விழுந்தால் பாடம் நின்றுவிடும், வாத்தியாருடைய வாய் அசைவது மட்டும் தெரியும். ஜூனில் தென்மேற்குப் பருவம் தொடங்கினால் எத்தனை நாள் அப்படி என்று இந்த ஊர்க்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை. தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்த பிள்ளைகளும் இருந்தார்கள். தம்பி அழுதால் இருவரும் வெளியே.

அந்த மண்டபத்தில் ஓர் இடாப்பு இருந்தது. காலையில் வாத்தியார் பெயர் கூப்பிடுவார். மேலே பிரட்டுக்களத்தில் இன்னோர் இடாப்பு இருந்தது. அதற்குப் பெயர் செக்ரோல். அங்கேயும் காலையில் பெயர் கூப்பிடுவார்கள். முழுநாள் வேலைக்கு ஒரு பேர், பாதி நாளுக்கு அரைப்பேர். தோட்டத்தில் ‘அவளுக்குப் பேர் பதிஞ்சாச்சு’ என்றால் அவள் வேலைக்குப் போகிறாள் என்று பொருள். எங்களுக்குச் சின்ன வயதில் அது ஒரு வளர்ச்சியாகத்தான் தெரிந்தது, பெரிய பிள்ளை ஆவது போல. ஒரு பெயர் கீழ் இடாப்பிலிருந்து மறையும், சில காலம் கழித்து மேல் இடாப்பில் வரும். யாரும் பிடித்துத் தள்ளுவதில்லை. ஆண்டு ஐந்துக்கு மேல் அந்தப் பாடசாலையில் வகுப்பே இல்லை. அடுத்த பாடசாலைக்கு ஆறு மைல் நடக்க வேண்டும், அல்லது பஸ்ஸுக்குக் காசு வேண்டும். பிள்ளைக்குப் புத்தகத்தின் மேல் வெறுப்பு உண்டாக்க மின்சாரம் தேவையில்லை என்று எங்கள் தாதி சொன்னது இதைத்தான்.

ஹக்ஸ்லியின் பிள்ளைகளுக்குத் தூக்கத்திலும் பாடம் உண்டு. தலையணைக்கடியில் ஒரு குரல், நீ உன் தரத்தில் இருப்பதே உனக்கு நல்லது, மேலே இருப்பவர் பாடு பெரும்பாடு என்று வருடக்கணக்கில் சொல்லிக்கொண்டே இருக்கும். நமக்கு அந்தக் குரல் பகலிலேயே கேட்டது. ‘பொம்பளப் புள்ளைக்கு எதுக்குப் படிப்பு, கொழுந்து கிள்ளத் தெரிஞ்சாப் போதாதா?’ இதைச் சொன்னது துரை இல்லை. அம்மாயி சொன்னார், மாமா சொன்னார், அப்பாவின் கூட்டாளிகள் சொன்னார்கள். எங்கள் மேல் பாசம் உள்ளவர்கள்தான். அவர்களுக்கு முன் அவர்களுடைய அம்மாயி சொல்லியிருப்பார்.

எங்கள் தோட்டத்து வகுப்பில் முதலாம் பிள்ளை எங்களில் யாரும் இல்லை. அவள் வேறொருத்தி. எங்களுக்குப் பின்னக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள் அவள்தான். வாத்தியாருக்கு நேரமில்லாதபோது ஆண்டு மூன்றை அவளிடம் ஒப்படைத்துவிடுவார். 1981இல் நாங்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இங்கே ஆண்டு ஆறில் சேர வந்தோம். அவளும் வருவதாகத்தான் இருந்தது. அந்த மாதம் அவளுடைய அம்மாவுக்கு உடம்புக்கு முடியாமல் போனது, கீழே மூன்று பேர் சின்னவர்கள். ‘அடுத்த தவணை வாறேன்’ என்றாள். இரண்டு வருடம் வீட்டில் இருந்தாள். பிறகு பேர் பதிந்தார்கள்.

முதல் விடுமுறைக்கு நாங்கள் வெள்ளைச் சீருடையும் சப்பாத்துமாகப் போனபோது அவள் எங்களைக் கண்டு ஓடி வந்தாள். எங்களுடைய கணிதப் புத்தகத்தை வாங்கி, மறுநாள் காலைவரை வைத்திருந்து, சில கணக்குகளை ஒரு பழைய கொப்பியில் எழுதிக்கொண்டு திருப்பித் தந்தாள். பாடப்புத்தகம் இலவசமாகக் கொடுக்கத் தொடங்கி அப்போது ஒரு வருடம்தான். பாடசாலையில் இருந்தவர்களுக்கு மட்டும். இப்போது அவள் ஓய்வு பெற்றுவிட்டாள். கொழுந்து நிறுக்கும் இடத்தில் அவள் நின்றால் தராசுக்காரர் கவனமாக இருப்பாராம். சாக்கு எடைக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று கழிக்கும்போது இவள் வரிசையில் உள்ள அத்தனை பேருடைய கிலோவையும் மனதில் கூட்டி, ‘அண்ணே, இன்னொருக்காப் பாருங்க’ என்பாள். ஆண்டு ஐந்து வரை படித்த படிப்பு அங்கே பயன்பட்டது. அவளுக்கு இந்த விழாவுக்கு அழைப்பு அனுப்ப முடியவில்லை. அவள் பழைய மாணவி இல்லை.

ஜோர்ஜ் ஓர்வெல்லின் ‘1984’ வெளிவந்தது 1949இல், அதாவது நமது குடியுரிமை போன மறுவருடம். அதில் கதாநாயகன் அடுத்த வீட்டுப் பிள்ளையின் வரலாற்றுப் பாடப்புத்தகத்தை இரவல் வாங்கி வந்து, அதில் உள்ளது உண்மையா பொய்யா என்று தெரியாமல் விழிப்பான். அவனுடைய உத்தியோகமே பழைய பத்திரிகைகளைத் திருத்தி எழுதுவதுதான். ஆட்சிக்குப் பிடிக்காத ஒருவனைக் கொன்றால் மட்டும் போதாது, அவன் பிறக்கவே இல்லை என்று ஏடுகளை மாற்ற வேண்டும்.

நமது வரலாற்றுப் புத்தகத்தை யாரும் திருத்தவில்லை. 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டார் என்று படித்தோம், பரீட்சையில் எழுதினோம், புள்ளி வாங்கினோம். அந்தக் காட்டை வெட்டியது யார் என்று எந்தப் பரீட்சையிலும் கேட்கவில்லை. தலைமன்னார்க் கரையில் இறங்கி, மாத்தளை வரை காட்டுவழியே நடந்து, வழியில் காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் விழுந்தவர்கள் போக மிச்சமிருந்தவர்கள் நம் பூட்டன் பூட்டிமார். 2023இல் ‘மலையகம் 200’ என்று அதே பாதையில் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தார்கள் அல்லவா, எங்களில் ஒருவர் கடைசி நாள் போய்ச் சேர்ந்துகொண்டார். அந்த வழியை அவர் முதன்முதலில் படித்தது ஐம்பது வயதுக்குப் பிறகு, காலில்.

பிறக்கவே இல்லை என்று ஆக்குவதும் எங்களுக்குத் தெரியும். 1964இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம். 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இங்கே, மீதிப் பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இரண்டு தலைநகரங்கள் பங்குபோட்டன. தோட்டப் பாடசாலையில் எங்கள் வகுப்பில் அதன் கணக்கு இப்படி இருந்தது: திங்கட்கிழமை ஒரு வாங்கு காலி. வாத்தியார் இடாப்பில் சிவப்பு மையால் ஒரு கோடு போடுவார். ஒரு வருடத்தில் ஏழு கோடு போட்டது எங்களுக்கு ஞாபகம். ஹட்டன் ஸ்டேஷனில் அந்த ரயிலுக்கு ‘ஒப்பாரிக் கோச்சி’ என்று பெயர். போனவர்களில் ஒருத்தி எங்களிடம் இரவல் வாங்கிய பென்சிலைத் திருப்பித் தருவதற்கு ஸ்டேஷன்வரை வரச் சொன்னாள். நாங்கள் போகவில்லை, அழுகையைப் பார்க்கப் பயம். நீலகிரியிலோ கொடைக்கானலிலோ எங்கே இருக்கிறாளோ.

இதுவரை பேசியது தோட்டத்துப் பாடசாலை. அதோடு நிறுத்தி, அங்கிருந்து எங்களை மீட்டெடுத்தது இந்தக் கல்லூரி என்று சொல்லிக் கைதட்டு வாங்கிக்கொண்டு இறங்கியிருக்கலாம். முதலில் அப்படித்தான் எழுதினோம். பிறகு எங்கள் ஆங்கில ஆசிரியை அனுப்பிய மூன்றாவது கதை குறுக்கே வந்துவிட்டது.

கசுவோ இஷிகுரோ 2005இல் எழுதியது, ‘நெவர் லெட் மீ கோ’. அதில் வரும் ஹெயில்ஷம் ஒரு நல்ல விடுதிப் பாடசாலை. பசும்புல் தரை, அன்பான ஆசிரியைகள், ஓவியம், கவிதை. பிள்ளைகள் சந்தோஷமாக இருக்கிறார்கள். அவர்கள் பிறருக்கு உடலுறுப்புக் கொடுப்பதற்காக உண்டாக்கப்பட்டவர்கள். அது அவர்களுக்குச் சொல்லவும் படுகிறது, சொல்லப்படாமலும் இருக்கிறது. வெளிப்படையாகப் பேசிய ஓர் ஆசிரியை வேலையை விட்டுப் போக வேண்டியதாகிறது. அவர்களுடைய நல்ல ஓவியங்களை ஓர் அம்மையார் வந்து எடுத்துக்கொண்டு போவார். எதற்கென்று கடைசியில்தான் தெரியும்: இந்தப் பிள்ளைகளுக்கும் ஆன்மா உண்டு என்று வெளியில் உள்ளவர்களுக்குக் காட்ட.

அக்காமாரே, நமது தையல் கண்காட்சி ஞாபகம் இருக்கிறதா? வருடாவருடம் நாம் பின்னிய மேசைவிரிப்புகளை நடுமண்டபத்தில் விரித்து வைப்போம். ஊர்ப் பெரிய மனிதர்களும் பங்களா அம்மாமாரும் வருவார்கள். தொட்டுப் பார்த்துவிட்டு, ‘தோட்டத்துப் பிள்ளைகளா இதைச் செய்தது!’ என்பார்கள். எங்களுக்கு உச்சி குளிர்ந்துவிடும். அந்த வியப்புக்குள் என்ன இருந்தது என்று புரிய நாற்பது வருடமும் ஒரு ஜப்பானியப் பெயர் கொண்ட ஆங்கில எழுத்தாளரும் தேவைப்பட்டிருக்கிறது.

இந்தக் கல்லூரி எங்களுக்கு எழுத்தையும் சோற்றையும் தந்தது. 1983 ஜூலையில் விடுதியின் கதவைப் பூட்டிக்கொண்டு எங்களோடு தரையில் படுத்திருந்த ஆசிரியைகளில் இருவர் இதோ இருக்கிறார்கள். அதை மறந்தால் எங்களுக்கு நல்ல கதி இல்லை. ஆனால் இதே இடத்தில்தான் நாங்கள் இன்னொரு பாடமும் படித்தோம். யாரும் கரும்பலகையில் எழுதவில்லை. ‘இஞ்ச’ ‘அங்கிட்டு’ என்று பேசினால் சிரிப்பு. உடுப்பில் விறகுப் புகை மணத்தால் கட்டில் மாறிப் படுப்பார்கள். கோபம் வந்தால் ‘தோட்டக்காட்டு’ என்ற சொல் வரும். அதைச் சொன்னவளின் தாத்தாவும் கூடை சுமந்தவர்தான். ஆறு மாதத்தில் நாங்கள் தேறிவிட்டோம். பேச்சை மாற்றினோம். முகவரி கேட்டால் தோட்டத்தின் பெயரை விட்டுவிட்டு, ‘ஹட்டன்’ என்றோம். டிக்கோயாக்காரியும் ஹட்டன், பொகவந்தலாவைக்காரியும் ஹட்டன், மஸ்கெலியாக்காரியும் ஹட்டன். அந்த வருட இடாப்பைப் பார்த்தால் ஹட்டன் டவுன் கொழும்பைவிடப் பெரிய நகரம் என்று நினைப்பீர்கள்.

இதை எழுதலாமா வேண்டாமா என்று எங்களுக்குள் இரண்டு வாரம் வாக்குவாதம் நடந்தது. கடைசியில் சம்பந்தப்பட்டவரே எழுதச் சொன்னார். 1982இல் ஒரு சனிக்கிழமை எங்களில் ஒருத்தியைப் பார்க்க அவளுடைய அம்மா வந்திருந்தார். அரைநாள் கொழுந்து எடுத்துவிட்டு, பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் படங்கை மட்டும் அவிழ்த்து வைத்துவிட்டு வந்திருக்கிறார். விரல் நுனியெல்லாம் கொழுந்துக் கறை. கையில் ஒரு பார்சல், அவித்த மரவள்ளிக்கிழங்கும் கட்டைச் சம்பலும். வாசலில் நின்ற டவுன் பிள்ளை ஒருத்தி ‘யார் அது?’ என்று கேட்டாள். ‘எங்க வீட்டில் வேலை செய்யிற ஆள்’ என்று இவள் சொன்னாள்.

அம்மாவுக்குக் கேட்டது. ஒன்றும் பேசாமல் பார்சலைக் கொடுத்துவிட்டு, ‘பத்திரமா இருங்க’ என்று ஒரு வேலைக்காரி சொல்வதுபோலவே மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு சாகும்வரை அதைப் பற்றிப் பேசவில்லை. மற்ற மூவரும் அன்று அந்த வாசலில் இல்லை, அவ்வளவுதான். இருந்திருந்தால் நாங்களும் அதையே சொல்லியிருப்போம்.

ஓர்வெல்லின் கதையில் பிள்ளைகள் பெற்றவர்களைக் காட்டிக்கொடுக்கிறார்கள். அடுத்த வீட்டுக்காரனை அவனுடைய சின்ன மகளே பொலிஸில் பிடித்துக் கொடுக்கிறாள். அவன் அதற்கும் பெருமைப்படுகிறான், பிள்ளையை நன்றாக வளர்த்திருக்கிறோம் என்று. அந்தப் பகுதியை எங்கள் ஆசிரியை சொல்லி முடித்த இரவில் குழுவில் யாரும் ஒன்றும் எழுதவில்லை.

கதைகளுக்கும் நமக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. அந்த நாடுகளில் ஓட்டை இல்லை. எல்லாம் மேலிருந்து தீர்மானிக்கப்பட்டு, பிசகாமல் நடக்கும். நம்முடையதில் ஓட்டைகள் இருந்தன. அந்த ஓட்டைகள் எல்லாம் ஆட்கள். எங்கள் தோட்டத்து வாத்தியார் ஆண்டு ஐந்து முடிந்ததும் மாலையில் லயம் லயமாக இறங்கி வருவார். கள் குடித்துவிட்டு ஏசும் தகப்பன்மாரிடம் ஏச்சு வாங்கிக்கொண்டு, ‘ஒரு வருசம் அனுப்புங்க, புடிக்கலேன்னா கூட்டிட்டு வந்துருங்க’ என்று கெஞ்சுவார். விடுகைப் பத்திரத்தை அவரே எழுதி, டவுனுக்கு அவரே கொண்டுவந்து கொடுத்தார். எங்களில் ஒருவருடைய அம்மா தோட்டை அடகு வைத்தார். அது மீளவே இல்லை. விடுதிக் கட்டணம் பிந்தினால் கணக்குப் பதியும் அம்மா கண்ணைக் கண்ணாடிக்குள் மூடிக்கொண்டு அடுத்த பெயருக்குப் போய்விடுவார். ஹக்ஸ்லிக்கு இப்படிப்பட்ட ஆட்களைத் தெரியாதோ, அல்லது கதைக்கு ஆகாது என்று விட்டுவிட்டாரோ.

ஆனால் ஓட்டை வழியாக வந்தவர்கள் எத்தனை பேர்? எங்கள் தோட்டத்து வகுப்பில் பதினேழு பேர் மிஞ்சியிருந்தோம். நான்கு பேர் வந்தோம்.

இன்றைக்கு வருவோம். அந்த மண்டபப் பாடசாலை இப்போது அரசாங்கப் பாடசாலை. எண்பதுகளில் சுவீடன் உதவியோடு தோட்டப் பாடசாலைகளைச் சீர்படுத்தினார்கள், பத்தனையில் ஜேர்மன் உதவியோடு ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரி வந்தது. நம் பிள்ளைகளே நம் பாடசாலைகளில் ஆசிரியர்களாக இருக்கிறார்கள். 2003ஆம் ஆண்டின் சட்டத்தோடு நாடற்றவர் என்ற பெயரும் போயிற்று. மாறவில்லை என்று சொன்னால் நன்றி கெட்டவர்களாவோம்.

எங்கள் ஆசிரியை கடைசியாகச் சொன்ன கதை லோயிஸ் லோரி 1993இல் எழுதிய ‘த கிவர்’. அங்கே பன்னிரண்டு வயதில் ஒரு சடங்கு. பெரியவர்கள் மேடையில் நின்று, நீ இந்த வேலைக்கு, நீ அந்த வேலைக்கு என்று ஒவ்வொரு பிள்ளைக்கும் ஆயுள் முழுக்க ஒரு வேலையைக் கொடுத்துவிடுவார்கள். பிள்ளைகள் கைதட்டுவார்கள். நமக்கு இன்னும் முந்தியே, பத்து வயதில், ஐந்தாம் தரப் புலமைப்பரிசில். வெட்டுப்புள்ளிக்கு இரண்டு புள்ளி குறைந்த பிள்ளையை வீட்டில் எப்படிப் பார்க்கிறார்கள் என்று தாய்மாராகிய நமக்குத் தெரியும். அதையும் தாண்டி உயர்தரத்துக்கு வந்தால், விஞ்ஞானமும் கணிதமும் படிப்பிக்க ஆள் இல்லாத தமிழ்ப் பாடசாலைகள் நம் மாவட்டத்தில் எத்தனை? பிள்ளைக்கு என்ன பிடிக்கும் என்று கேட்பதில்லை, எந்த ஆசிரியர் இருக்கிறார் என்று கேட்டுப் பாடம் எடுக்கிறோம். 2022இல் மாவும் பாணும் விலையேறியபோது எங்கள் ஆங்கில ஆசிரியையின் வகுப்பில் வெள்ளிக்கிழமைகளில் பாதி வாங்கு காலி. செக்ரோலில் இப்போது பிள்ளைகளின் பேரைப் பதிய முடியாது, சட்டம் இருக்கிறது. அவர்கள் கொழும்பில் கடைகளுக்கும் வீடுகளுக்கும் போகிறார்கள். அங்கே இடாப்பே இல்லை.

ஆகவே ஒரு வேண்டுகோளோடு வந்திருக்கிறோம். நூற்றாண்டு நிதியில் முன்வாசலுக்கு வளைவு கட்டுவதென்று சென்ற கூட்டத்தில் தீர்மானமாயிற்று. அன்று நாங்களும் கை தூக்கினோம். அதை மறுபரிசீலனை செய்யும்படி கேட்கிறோம். வளைவு அடுத்த வருடம் வரட்டும், அல்லது சின்னதாக வரட்டும். சுற்றுவட்டாரத்தில் ஐந்தாம் தரத்தோடு முடிகின்ற தோட்டப் பாடசாலைகளின் பிள்ளைகளில், வெட்டுப்புள்ளி எடுத்தவர்களை மட்டும் பார்க்காமல், வருடத்துக்குப் பத்துப் பேரை அதிபரும் அந்தந்தப் பாடசாலை ஆசிரியர்களும் சேர்ந்து தெரிவு செய்யட்டும். அவர்களுடைய விடுதிச் செலவையும் பஸ் செலவையும் இரண்டு சப்பாத்தையும் சங்கம் ஏற்கட்டும். வீட்டில் அம்மாவுக்கு முடியாமல் போனால் யாராவது ஒருவர் அந்த லயத்துக்கு இறங்கிப்போய்ப் பார்க்க வேண்டும் என்பதையும் தீர்மானத்தில் எழுதியிருக்கிறோம். அது காசால் நடக்கிற காரியமில்லை, ஆள் வேண்டும். எங்கள் நால்வரின் பெயரையும் முதலில் போட்டிருக்கிறோம்.

இன்னொரு சின்ன விஷயம். மலரின் பின்பக்கத்தில் அங்கத்தவர்களின் பெயர்ப் பட்டியல் அச்சாகப் போகிறது. எங்களுடைய படிவங்களைத் திருப்பி வாங்கி, ‘பிறந்த ஊர்’ என்ற இடத்தில் ஹட்டன் என்று இருந்ததை வெட்டித் தோட்டத்தின் பெயரையும் டிவிஷனையும் எழுதிக் கொடுத்திருக்கிறோம். மாற்ற விரும்புகிறவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் செயலாளரிடம் சொல்ல வேண்டுமாம், அதற்குப் பிறகு அச்சகத்துக்குப் போய்விடும்.

தீர்மானத்தின் பிரதி உங்கள் நாற்காலிகளில் இருக்கிறது. தேநீர் இடைவேளைக்குப் பிறகு தலைவி வாக்கெடுப்புக்கு விடுவார்.